இல்லாத கிணற்றின் தண்ணீர்

அத்தியாயம் 5

"டிக்கெட் இல்லாம பஸ்ல வந்த ஆளுங்களை ஆயிரம் பேர் பாத்திருக்கேன் டீச்சர். பஸ்ஸே இல்லாத டிக்கெட்டை இப்பத்தான் பாக்கறேன்" என்றார் கண்டக்டர், கையிலிருந்த கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி.

டீச்சர் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காதது கண்டக்டருக்குப் பழகிப் போன விஷயம். இருபத்திரண்டு வருஷம் கணக்குப் பாடம் நடத்திவிட்டு, போதுமென்று எழுதிக் கொடுத்துவிட்டுத் துப்பறிய வந்த பெண்மணி அவர். விடைத்தாளில் காப்பி அடித்தவனை எந்தக் கண்ணால் பிடித்தாரோ, அதே கண்ணால்தான் இப்போது கோட்டுப் போட்டவர்களையும் பிடிக்கிறார். கண்டக்டர் பஸ்ஸில் விசில் ஊதி ஓய்வு பெற்றவர். உதவியாள் வேலைக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. வாங்குகிற சம்பளத்துக்கு மேல் பேசுகிறார் என்பது டீச்சரின் ஒரே புகார்.

தையல் கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்ன அறையில், எதிர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார் கடிதத்தைக் கொண்டுவந்தவர். சுரங்கத்தில் எல்லோரும் அவரைத் தண்ணிக்காரர் என்று கூப்பிடுவார்களாம். வயது ஐம்பத்தெட்டு. பதினாறு வருஷமாகத் தினமும் தொப்பி அழுத்தியதில் நெற்றியில் ஒரு கோடு நிரந்தரமாக விழுந்திருந்தது.

கடிதம் சுருக்கமாக இருந்தது. சுரங்கத்தைச் சுற்றி மொத்தம் பன்னிரண்டு கண்காணிப்புக் கிணறுகளே உள்ளன. பதின்மூன்றாம் எண் கிணறு என்று ஒன்று கிடையவே கிடையாது. இல்லாத கிணற்றில் தண்ணீர் எடுத்ததாக எழுதி நிறுவனத்தை ஏமாற்றியதால் இன்று முதல் வேலை இல்லை. கீழே மேனேஜரின் கையெழுத்து.

"கிணறு எப்படி இருக்கும்?" என்றார் டீச்சர்.

"பேர்தான்மா கிணறு. வெறும் குழாய். இவ்வளவு அகலம்." இரண்டு கை விரல்களையும் சேர்த்து ஒரு வட்டம் காட்டினார். "அறுபது எழுபது அடி கீழே போகும். மேலே ஒரு மூடி, ஒரு பூட்டு. சுரங்கத்து அழுக்கு நிலத்தடித் தண்ணியில கலக்குதான்னு பாக்கறதுக்காகப் போட்டது."

"அதுல விழணும்னாக்கூட ரெண்டு மாசம் பட்டினி கிடந்து இளைக்கணும் போல இருக்கே" என்றார் கண்டக்டர்.

தண்ணிக்காரர் மரியாதைக்கு ஒரு சிரிப்பு சிரித்தார். பிறகு வேலையைச் சொன்னார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பன்னிரண்டு குழாய்க்கும் போவார். குழாயில் தேங்கிக் கிடக்கும் பழைய தண்ணீரை முதலில் இறைத்துக் கொட்டுவார். புதிதாக ஊறி வருவதை மட்டும் பாட்டிலில் பிடித்து, நம்பர் ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து லேபுக்கு அனுப்புவார். லேப் முடிவு சுரங்க ஆபீசுக்கு வரும். ஆபீசில் அதை டைப் அடித்து, குடியிருப்பில் நோட்டீசாக ஒட்டுவார்கள்.

"அந்தப் பதின்மூணு?"

"அது லேபைச் சோதிக்கிறதுக்கு. ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு கிணத்துல ரெண்டு பாட்டில் பிடிப்பேன். ஒண்ணுல நிஜ நம்பர். இன்னொண்ணுல பதின்மூணுன்னு பொய் நம்பர். ரெண்டும் ஒரே தண்ணின்னு லேபுக்குத் தெரியாது. ரெண்டுக்கும் ஒரே விடை வந்தா லேப் ஒழுங்கா வேலை பாக்குதுன்னு அர்த்தம். எனக்கு முன்னாடி இருந்தவரும் இப்படித்தான் செஞ்சாரு. பழைய மேனேஜருக்குத் தெரியும். இப்ப இருக்கறவரு கேட்டதே இல்லை."

"ஒரே பையனை ரெண்டு பேர்ல பரீட்சை எழுத வைக்கிறது" என்றார் கண்டக்டர்.

"இந்தத் தடவை எந்தக் கிணறு?" என்றார் டீச்சர்.

தண்ணிக்காரர் சட்டைப் பையிலிருந்து ஓரம் சுருண்ட குறிப்புப் புத்தகத்தை எடுத்து விரித்தார். "ஏழு."

அதைச் சொல்லிவிட்டு அவர் புத்தகத்தை மூடவில்லை. சொல்ல வந்தது வேறு ஏதோ இருக்கிறது என்று கண்டக்டருக்குப் பட்டது. டிக்கெட் வாங்காதவனின் முகமும் இப்படித்தான் இருக்கும். ஆனால் இந்த முகத்தில் திருட்டுத்தனம் இல்லை, பயம்தான் இருந்தது.

"வேலை போனதுக்காக நான் வரலை டீச்சரம்மா. அது போனாப் போகட்டும். என் பொண்ணு அந்தக் குடியிருப்புலதான் இருக்கா. அந்த ஏழாம் நம்பர் அவ வீட்டுக்குப் பின்னாலயேதான் இருக்கு. அங்கே எல்லாருக்கும் போர்வெல் தண்ணிதான், ஏழுல வர்றதேதான் அதுலயும் வரும். போன வருஷம் அவளுக்கு எட்டாம் மாசம். குழந்தை வயித்துக்குள்ளயே போயிடுச்சு. இப்ப மறுபடியும் அஞ்சு மாசம்." அவர் குறிப்புப் புத்தகத்தை மூடினார். "அப்பவும் கேட்டா, இப்பவும் கேட்டா. அப்பா, இந்தத் தண்ணியைக் குடிக்கலாமாப்பான்னு. நான்தானே பிடிக்கிறேன், நோட்டீஸ்ல எல்லாம் நல்லாத்தான் போட்டிருக்கு, தைரியமாக் குடின்னு சொன்னேன். இப்ப இந்தக் கடுதாசி வந்திருக்கு. என் கணக்கு எல்லாமே பொய்யின்னு எழுதியிருக்காங்களே, அப்ப நான் பிடிச்சது எதுவுமே சரியில்லையா? நான் அவகிட்ட சொன்னது உண்மையா பொய்யா? அது ஒண்ணை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

மூன்று வருஷத்து நோட்டீஸ்களை அவர் ஒரு பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்தார். டீச்சர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

*

லேபுக்குப் போகும் பஸ்ஸில், தண்ணிக்காரர் முன் இருக்கையில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துவிட, டீச்சர் மடியில் நோட்டீஸ்களைப் பரப்பி வைத்துச் சிவப்புப் பேனாவால் ஏதோ சுழித்துக்கொண்டே வந்தார். பழக்க தோஷம். கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"எத்தனை மார்க் டீச்சர்?"

"காப்பி" என்றார் டீச்சர். "போன ரெண்டு வருஷமா அப்பட்டமான காப்பி. பழைய தாளை எடுத்து, தேதியை மட்டும் மாத்தி அடிச்சிருக்காங்க. ஒரு புள்ளி கூட மாறலை. ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு, ஆறு, ஏழு, எல்லா வரிசையும். நாலைத் தவிர."

"நாலு?"

"நாலாம் நம்பர் கிணறு மட்டும் உயிரோட இருக்கு. அளவு ஒரு தடவை ரெண்டு, ஒரு தடவை நாலு, மூணு, மறுபடி ரெண்டுன்னு ஏறி இறங்குது. பூமி அப்படித்தான் இருக்கும், அச்சடிச்ச மாதிரி இருக்காது. காப்பி அடிக்கிற பையன் சொந்தமா எழுதுற ஒரே கேள்வி எது தெரியுமா? அவனுக்கு ரொம்பப் பிடிச்ச பாடத்துல வர்றது. இவ்வளவு பொய் சொன்ன ஆள், நாலுல மட்டும் ஏன் உண்மை பேசினான்?"

பதில் தெரியாத இடத்தில் ஒரு ஜோக் சொல்வது கண்டக்டரின் வழக்கம். அன்றைக்கு அதுவும் வரவில்லை.

தண்ணிக்காரரைத் தெருமுனை டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு இருவரும் லேபுக்குள் போனார்கள். உள்ளே ஜில்லென்று இருந்தது. வரிசை வரிசையாகப் பாட்டில்கள்.

"தண்ணிக்கெல்லாம் ஏசி. நம்ம ஆபீஸ்ல மனுஷனுக்கே ஃபேன் ரெண்டு ரெக்கையிலதான் ஓடுது" என்று முணுமுணுத்தார் கண்டக்டர்.

மேஜைக்குப் பின்னால் இருந்த லேப் அம்மா கண்ணாடியைத் தலைக்கு மேல் தள்ளிவிட்டு, கேட்பதற்கு முன்பே தலையை ஆட்டினார். "சுரங்கத்து ரிப்போர்ட்டா? தர முடியாது. அது கம்பெனியோட சொத்து. வெளியாளுக்குக் காட்டினா என் வேலை போயிடும்."

"கம்பெனி ரிப்போர்ட் எனக்கு வேண்டாம்" என்றார் டீச்சர். பையிலிருந்து அந்த வேலை நீக்கக் கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இதைப் படிச்சுப் பாருங்க. பதின்மூணாம் நம்பர் கிணறு எங்களோடது இல்லை, அப்படி ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு மேனேஜரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்காரு. உங்ககிட்ட பதின்மூணுன்னு ஒரு பாட்டில் வந்துச்சா?"

"வந்துச்சு."

"கம்பெனி அது தன்னோடது இல்லைன்னு சொல்லிடுச்சு. அப்ப அந்தத் தண்ணி யாரோடது? பாட்டில் மேல யார் கையெழுத்து இருக்கு?"

"பிடிச்சவர் கையெழுத்து."

"அவர் எழுதிக் கொடுத்த அனுமதி இது." இன்னொரு தாளை வைத்தார். "எனக்கு அந்த ஒரு பாட்டில் போதும்."

லேப் அம்மா இரண்டு தாளையும் இரண்டு முறை படித்தார். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. "இருபது வருஷமா இந்த மேஜையில இருக்கேன். இப்படி ஒரு வழியை யாரும் கண்டுபிடிச்சதில்லை" என்றபடி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

அச்சடித்து வந்த தாளைக் கொடுக்கும்போது அந்தச் சிரிப்பு முகத்தில் இல்லை. தாளின் ஒரு முனையை அவர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஈயம். பத்தைத் தாண்டக் கூடாது. இதுல நாப்பத்திரண்டு இருக்கு" என்றார். "இதை யாராவது குடிக்கிறாங்களா?"

டீச்சர் தாளை வாங்கிக்கொண்டார். "இதோட ஜோடி ஏழு. ஏழுக்கு என்ன விடை வந்துச்சு?"

"ஏழைப் பத்தி நான் வாயைத் திறக்கக் கூடாது. ஆனா எங்க மெஷின்ல ஒரு கோளாறும் இல்லை. ஒரே தண்ணியா இருந்தா ஒரே விடைதான் வரும்."

நோட்டீசில் ஏழாம் நம்பருக்கு நேராக மூன்று என்று போட்டிருந்தது.

*

டீக்கடையில் தண்ணிக்காரர் கையிலிருந்த டீ ஆடை கட்டிப் போயிருந்தது. அவர் ஒரு வாய்கூடக் குடித்ததாகத் தெரியவில்லை. டீச்சர் எதையும் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"எவ்வளவு?" என்றார் அவர்.

"நாப்பத்திரண்டு."

"எவ்வளவு?" என்று மறுபடியும் கேட்டார். இரண்டாவது தடவை கேட்டால் கொஞ்சம் குறைந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க முடியாமல் கண்டக்டர் ரோட்டைப் பார்த்தார்.

"நீங்க பிடிச்சது சரிதான்" என்றார் டீச்சர். "பதினாறு வருஷமும் சரியாத்தான் பிடிச்சிருக்கீங்க. லேபும் சரி. ஆபீஸ்ல வந்துதான் மாறியிருக்கு. நோட்டீஸை யார் டைப் அடிக்கிறது?"

தண்ணிக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"என் பொண்ணு கட்டிக்கிட்டவர்."

"உங்க மருமகனா?" கண்டக்டரின் குரல் தன்னையறியாமல் உயர்ந்தது.

"என்னைக் கேக்காம அவங்களாக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. நான் போகலை. மூணு வருஷம் ஆச்சு. பொண்ணு வீட்டுக்குப் போவேன், வருவேன். அவர் இருந்தா நான் வாசல்ல நிப்பேன், நான் இருந்தா அவர் உள்ளே போயிடுவாரு. குழந்தை போனப்போகூட ஆஸ்பத்திரியில ஒரே பெஞ்சுலதான் உட்கார்ந்திருந்தோம். ஒரு வார்த்தை பேசலை." அவர் எழுந்துவிட்டார். "இந்தக் கடுதாசி டைப் அடிச்சதும் அவர்தான். டீச்சரம்மா, நான் போகணும். இந்நேரம் அவ குடத்தை நிரப்பி வெச்சிருப்பா."

ஆட்டோவில் மூவரும் நெருக்கியடித்துக்கொண்டு போனார்கள். மாமனாரின் வேலையைத் தன் கையாலேயே டைப் அடித்துப் பறித்தவன், வயிற்றுப் பிள்ளைக்காரியான பெண்டாட்டிக்கு விஷத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு நோட்டீசில் மூன்று என்று போட்டவன். அவன் எப்படி இருப்பான் என்று கண்டக்டர் மனதுக்குள் படம் போட்டுப் பார்த்தார். பஸ்ஸில் இருந்த காலத்தில் இப்படிப்பட்ட ஆளை நடுவழியில் இறக்கிவிட்டிருப்பார்.

*

குடியிருப்பில் எல்லா வீடும் ஒரே அச்சு. இரண்டு அறை, பின்னால் தகரம் போட்ட சமையல்கட்டு. கடைசி வரிசை வீடு ஒன்றின் வாசலில் மகள் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். மேடிட்ட வயிறு. அப்பாவோடு இரண்டு பெரியவர்கள் வருவதைப் பார்த்ததும் உள்ளே ஓடி, தட்டில் மூன்று டம்ளர் தண்ணீரோடு வந்தாள்.

தண்ணிக்காரர் அந்தத் தட்டை அப்படியே வாங்கி, மூன்று டம்ளரையும் வாசலில் கொட்டினார். பிறகு உள்ளே போனார். குடத்தைத் தூக்கிவந்து கவிழ்த்தார். சமையல்கட்டு வாளி, பாத்திரத்தில் காய்ச்சி ஆற வைத்திருந்தது, ஜன்னலோரம் இருந்த பாட்டில், ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கொட்டினார். வாசல் முழுக்கச் சேறாகிவிட்டது.

"என்னப்பா பண்றீங்க? காலையிலதானே பிடிச்சு வெச்சேன்!"

டீச்சர்தான் சொன்னார். மெதுவாக, பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல, ஒன்றன்பின் ஒன்றாக.

மகள் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள். "இல்லைங்க. எங்கேயோ தப்பு நடந்திருக்கு. அப்பாவும் நல்ல தண்ணின்னு சொன்னாரு, அவரும் சொன்னாரு. ரெண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசிக்க மாட்டாங்க. அப்பா என்ன சொன்னாருன்னு அவர்கிட்டயும், அவர் என்ன கேட்டாருன்னு அப்பாகிட்டயும் நான்தான் போய்ச் சொல்லணும். உலகத்துல இந்த ஒரே ஒரு விஷயத்துலதான் ரெண்டு பேரும் ஒத்துப்போனாங்க. அது எப்படிங்க பொய்யா இருக்கும்?"

கண்டக்டர் சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ் வந்தது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, மருமகன் இறங்கி வந்தார். கண்டக்டர் மனதில் போட்டு வைத்திருந்த படத்துக்கும் அவருக்கும் துளியும் சம்பந்தமில்லை. ஒல்லியான ஆள். சட்டைப் பையில் இரண்டு பேனா. கையில் பெண்டாட்டிக்கு ஒரு மாத்திரைப் பொட்டலம். சேற்றையும் கவிழ்ந்த குடத்தையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"நான் டீச்சர். உங்ககிட்ட ரெண்டு கேள்வி" என்றார் டீச்சர். "ரெண்டு வருஷமா நோட்டீஸை லேப் ரிப்போர்ட் பாத்து அடிக்கலை. பழைய தாளைப் பாத்துக் காப்பி அடிச்சிருக்கீங்க. சரியா?"

மருமகன் மனைவியைப் பார்த்தார். பொய் சொல்லப் போகிறார் என்று கண்டக்டர் எதிர்பார்த்தார்.

"சரிதான்" என்றார் அவர். "லேப் மெஷின் கெட்டுப்போச்சு, நம்பர் எல்லாம் தாறுமாறா வருது, பழைய தாளையே தேதி மாத்தி அடின்னு மேனேஜர் சொன்னாரு. செய்யலேன்னா வேற ஆள் பாத்துக்கறேன்னும் சொன்னாரு. குழந்தை உண்டான சமயம் அது. பயந்துட்டேன்."

"ரெண்டாவது கேள்வி. நாலாம் வரிசையை மட்டும் ஏன் காப்பி அடிக்கலை?"

அதைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை நாளாகக் காத்திருந்தவர் மாதிரி மனைவி பக்கம் திரும்பினார்.

"அது நம்ம வீட்டுக் கிணறும்மா. அதை மாத்துவேனா? எதை வேணா மாத்துறேன் சார், நாலை மட்டும் தொட மாட்டேன், என் பொண்டாட்டி அந்தத் தண்ணியைத்தான் குடிக்கிறான்னு மேனேஜர்கிட்டயே சொன்னேன். அவரும் நல்ல மனுஷனாச் சிரிச்சுக்கிட்டு, நாலைத் தொடாதே, அது எனக்கும் வேணும்னாரு. ஒவ்வொரு தடவையும் ரிப்போர்ட் வந்ததும் முதல்ல நாலைத்தான் பாப்பேன். ரெண்டு, மூணு, நாலு, அதுக்கு மேல போனதே இல்லை. அதைப் பாத்துட்டுத்தான் உன்கிட்ட குடின்னு சொன்னேன். உன்கிட்ட நான் பொய் சொல்லலை."

"ஏழு" என்றார் தண்ணிக்காரர்.

மருமகன் திரும்பினார்.

"பின்னால இருக்கறது ஏழு."

"இல்லைங்க, நாலு. என் மேஜைக்கு மேலே கலர்ல படம் மாட்டியிருக்கு. குடியிருப்பு ஓரத்துல நாலுன்னு தெளிவாப் போட்டிருக்கு."

"அது பழைய படம். எட்டு வருஷம் முன்னாடி சுரங்கப் பள்ளத்தை அகலப்படுத்தினப்ப பழைய குழாய் அஞ்சாறு அதுக்குள்ள போயிடுச்சு. புதுசாப் போட்டு, எல்லாத்துக்கும் நம்பர் மாத்தினாங்க. வெளியே எழுதினா அழிஞ்சு போகுதுன்னு மூடிக்கு உள்ளே அடிச்சிருக்கு. சாவி என்கிட்ட மட்டும்தான் இருந்துச்சு." தண்ணிக்காரரின் குரல் ஒரே சீராக இருந்தது. வேலை விஷயம் பேசுகிறவர் குரல். "நாலு மேலே இருக்கு. மேனேஜர் பங்களாவுக்குப் பின்னால."

மருமகன் கையிலிருந்த மாத்திரைப் பொட்டலத்தைத் தடுமாறித் தடுமாறிச் சட்டைப் பையில் வைக்கப் பார்த்தார், பேனாக்கள் இருந்ததால் அது உள்ளே போகவில்லை. நல்ல மனுஷனாச் சிரித்தார் என்று அவரே சொன்னது அப்போதுதான் அவருக்கு விளங்கியது என்று கண்டக்டருக்குத் தெரிந்தது. மேனேஜர் தன் வீட்டுத் தண்ணீருக்கு மட்டும் உண்மையைக் கேட்டு வாங்கியிருக்கிறார்.

ஆட்டோவில் வரும்போது இந்த ஆளை அடிக்க வேண்டும்போல் இருந்தது கண்டக்டருக்கு. இப்போது தோளைப் பிடித்து உட்கார வைக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் டீச்சர் இன்னும் முடிக்கவில்லை.

"உங்க படத்துல ஏழு எங்கே இருக்கு?"

அவர் மனைவியைப் பார்க்காமல் சொன்னார். "அந்தப் பக்கம். லாரி டிரைவருங்க குடியிருப்பு."

"அங்கேயும் வீடுங்கதானே?"

"ஆமா."

"ஏழுக்கு நிஜமா என்ன வருதுன்னு ஒவ்வொரு தடவையும் உங்க கண்ணு பாத்துச்சு. பாத்துட்டுத்தான் மூணுன்னு அடிச்சீங்க."

அவர் தலை குனிந்தார். டீச்சர் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப் போகிறது என்று கண்டக்டரும் நினைத்தார்.

மகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகை வரவில்லை. அழுதிருந்தால் தேவலை.

"அப்ப என் புள்ளை இதனாலதான் போச்சா?"

அவள் டீச்சரைத்தான் கேட்டாள். இரண்டு ஆண்களில் ஒருவரையும் கேட்கவில்லை.

"தெரியாதும்மா" என்றார் டீச்சர். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இனிமே அதை யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாது. இப்ப உள்ளே இருக்கற குழந்தைக்காக நாளைக்கே டாக்டர்கிட்ட போகணும். இந்தத் தண்ணியைப் பத்தியும் சொல்லணும். அது ஒண்ணுதான் நம்ம கையில இருக்கு."

மகள் தலையாட்டினாள். அப்பாவைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"ஏழா நாலான்னு ஒரு வார்த்தை" என்றாள். "மூணு வருஷத்துல ஒரே ஒரு தடவை அவர் உங்களைக் கேட்டிருந்தா, இல்லே நீங்க அவர்கிட்ட சொல்லியிருந்தா. நான் எத்தனை பேச்சை உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல சுமந்துக்கிட்டு அலைஞ்சேன். சாப்பிட்டாரா, வந்தாரா, போனாரான்னு. இது ஒண்ணை எவரும் என்கிட்ட கொடுத்து அனுப்பலையே. இனிமே எனக்கு முடியாது. நீங்களே பேசிக்குங்க."

உள்ளறைக் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

கண்டக்டர் வாழ்க்கையில் முதல் தடவையாக, யாராவது ஒரு ஜோக் சொல்லி இந்த இடத்தைக் கொஞ்சம் லேசாக்க மாட்டார்களா என்று ஏங்கினார். அவரிடம் சரக்கு எதுவும் இல்லை. கீழே கவிழ்ந்து கிடந்த குடத்தை நிமிர்த்தி வைத்தார்.

டீச்சர் வாசல் படியில் உட்கார்ந்து பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார்.

"லேப்ல உண்மையான ரிப்போர்ட் எல்லாம் இருக்கு. ஆனா அதிகாரிங்க கேட்டாத்தான் அந்தக் கதவு திறக்கும். அவங்க கேக்கறதுக்கு, மாத்தினவரோட வாக்குமூலம் வேணும். நிஜ நம்பர் உங்களுக்கு எதுவாவது ஞாபகம் இருக்கா?"

"எல்லாமே இருக்கு" என்றார் மருமகன். அவரும் சேற்றிலேயே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "அடிச்சது மறந்துடும். அடிக்காம விட்டது மறக்கலை. எழுதிக்குங்க. நான் கையெழுத்துப் போடறேன். டிரைவர் குடியிருப்புப் பக்கத்துல இப்ப எந்த நம்பர் இருக்கோ, அதோடதும் சொல்றேன்."

"அது பதினொண்ணு" என்றார் தண்ணிக்காரர். நின்றுகொண்டிருந்தவர் வந்து அதே சுவர் ஓரம், ஒரு முழம் தள்ளி, உட்கார்ந்தார்.

"முதல்ல ஏழு" என்றார் டீச்சர். "ஆரம்பத்துலேர்ந்து வரிசையா."

"பத்தொன்பது. அடுத்த தடவை இருபத்தாறு. அதுக்கு அடுத்தது முப்பத்தொண்ணு."

பேனா தாளில் ஓடுகிற சத்தம் கேட்டது. அடுத்த எண்ணுக்காக டீச்சர் காத்திருந்தார். அது எந்த மூன்று மாதம் என்று அங்கிருந்த நாலு பேருக்கும் தெரிந்திருந்தது. மருமகன் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

தண்ணிக்காரர் கையை நீட்டி, அவர் முதுகில் வைத்தார்.

"சொல்லுங்க மாப்ளே" என்றார். "எழுதணும்."

"நாப்பத்தேழு மாமா."

டீச்சர் எழுதிக்கொண்டார்.